சிறு காலிபருக்கு ரைஃபிளை மாற்றிக் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் கெடுக்கும் சிறு விலங்குகளைத் தூரத்திலிருந்து சுடுவதற்கென்று கட்டப்படும் ரைஃபிளுக்கு வார்மின்ட் ரைஃபிள் என்று பெயர். பழைய ரைஃபிள் ஒன்றை எடுத்து, குழலை மாற்றி, இந்த வேலைக்கு ஏற்றபடி கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் பலர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். "எந்தத் தோட்டாவுக்கு மாற்றுவது?" என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அதன் பின்னால் வரும் சந்தேகங்களும் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

தோட்டா, குண்டு, காலிபர் எல்லாவற்றையும் கலந்து பேசுகிறார்கள். நான் தேர்ந்தெடுக்கப்போவது எதை?

தோட்டாவை. பித்தளைக் கூடு, அதன் அடியில் ஊசி அடித்ததும் பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு, இந்த நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. சுட்டதும் குழலை விட்டுப் போவது குண்டு மட்டும். வெற்றுக்கூடு நம் கைக்குத் திரும்பி வரும்.

காலிபர் என்பது குழலின் துளை அளவு. ஒரே துளை அளவுக்குப் பத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் உண்டு. குண்டு ஒன்றாக இருந்தாலும் பின்னால் இருக்கும் கூட்டின் நீளமும் பருமனும் மாறும், அதனால் மருந்தின் அளவும் மாறும். ஆகவே "காலிபர் .22 போதும்" என்று முடிவு செய்துவிட்டால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். எந்தக் கூடு என்பதுதான் உண்மையான கேள்வி.

.218, .220, .222, .223, .224 என்று எண்கள் வருகின்றன. இத்தனைக்கும் வேறு வேறு குண்டா?

இல்லை. .218 பீ, .22 ஹார்னெட், .220 ஸ்விஃப்ட், .222 ரெமிங்டன், .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன் எல்லாவற்றிலும் இன்று போகும் குண்டு 0.224 அங்குல விட்டம் கொண்டதுதான். மற்ற எண்கள் ஒவ்வொரு நிறுவனமும் தன் தோட்டாவை அடையாளம் காட்ட வைத்த பெயர்கள். பெயரில் இருக்கும் எண்ணை அளவு என்று நம்பி எதையும் வாங்காதீர்கள்.

இதில் ஒரு விலக்கு மட்டும் உண்டு. பழைய காலத்து .22 ஹார்னெட் குழல்களில், உள்ளே சுற்றி ஓடும் வரிகளின் பள்ளத்தில் அளந்தால் துளை 0.223 அங்குலமாக இருந்தது. அப்படிப்பட்ட குழலை மாற்றாமல் வைத்துக்கொள்வதாக இருந்தால், ஈயக்கட்டி ஒன்றைத் துளை வழியே தள்ளி அளந்து பார்த்த பிறகே குண்டு வாங்க வேண்டும். .17 வகைகளுக்குக் குண்டு 0.172 அங்குலம். .204 ரூகருக்கு பெயரும் அளவும் ஒன்றே, 0.204.

வேலையைத் தொடங்கும்முன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

போல்ட்டின் முகத்தை. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் உருளையான போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், தோட்டாவின் அடிப்பாகம் வந்து உட்காரும் வட்டக் குழி தெரியும். விளிம்பில் கூட்டைப் பற்றி இழுக்கும் கொக்கி இருக்கும். அந்தக் குழிக்குள் வெர்னியரின் உள் தாடைகளை விட்டு அளந்து பாருங்கள். 0.378 அங்குல விளிம்புள்ள தோட்டாவுக்கான முகமாக இருந்தால் .221 ஃபயர்பால், .222, .223, .204 ரூகர், .17 ரெமிங்டன் என்ற ஒரு பெரிய குடும்பமே உங்களுக்குத் திறந்திருக்கிறது. 0.473 என்றால் .22-250-உம் .220 ஸ்விஃப்ட்டும். .308 வின்செஸ்டர், .243 வின்செஸ்டர் போன்றவையும் இதே முகத்தையே பயன்படுத்துகின்றன. .22 ஹார்னெட்டின் விளிம்பு 0.350. அது விளிம்பு வெளியே நீட்டிய வகை என்பதால் அதன் கொக்கியும், தோட்டாக்களை அடுக்கும் மேகசினும் வேறு.

கையில் இருக்கும் ஆக்‌ஷன் (போல்ட்டும் அது பூட்டிக்கொள்ளும் உடற்பகுதியும் சேர்ந்தது) பாதி முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டது என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். முகத்தை மாற்றாமல் குழலை மட்டும் மாற்றும் வேலை சுத்தமாக முடியும், பிறகு தொல்லையும் தராது. முகம், கொக்கி, மேகசின், தோட்டா ஏறிவரும் சரிவு எல்லாவற்றையும் தொட ஆரம்பித்தால், எல்லாம் முடிந்த பிறகும் மூன்றாவது தோட்டா மட்டும் சிக்கிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது மேகசினின் உள்நீளம். .222-இன் முழு நீளம் 2.130 அங்குலம், .223-உம் .204-உம் 2.260, .22-250 2.350, ஸ்விஃப்ட் 2.680. .222-க்கென்றே செய்த குட்டி ஆக்‌ஷனில் .223 நுழையுமா என்பது அந்த ஒரு நூல் இடைவெளியைப் பொறுத்தது.

என் சின்ன ஆக்‌ஷனின் முகத்தைப் பெரிதாகக் கடைந்து .22-250 போடலாம் என்கிறார்களே?

கடைய முடியும். கடையலாமா என்பது வேறு கேள்வி. சுடும்போது போல்ட்டைப் பின்னோக்கித் தள்ளும் விசை இரண்டு விஷயத்தால் கூடுகிறது: அழுத்தம், அழுத்தம் படும் பரப்பு. .223-இன் உச்ச அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு, .22-250-க்கு 65,000. கூட்டின் அடிப்பாகம் 0.376-இலிருந்து 0.470 அங்குலமாகும்போது பரப்பு ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தள்ளும் விசை ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல். சின்னத் தோட்டாவுக்காகச் சின்னதாகச் செய்த போல்ட்டின் பூட்டுப் பற்கள் இதைத் தாங்கும் என்று நம்பி உங்கள் முகத்தை அதன் பின்னால் வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

எதிர்த்திசையில் ஆபத்து இல்லை. பெரிய ஆக்‌ஷனில் .223 போடுவது பாதுகாப்பானது. அகன்ற முகத்தைச் சுருக்க முடியாது என்பதால் சின்ன முகமுள்ள வேறு போல்ட் வாங்க வேண்டும், மேகசினுக்குள் இடைவெளியை நிரப்ப ஒரு கட்டை வைக்க வேண்டும். செலவு ஏறும். அந்த ஆக்‌ஷன் ஏற்கெனவே 0.473 முகம் கொண்டதென்றால் .22-250-ஐயே யோசித்துப் பாருங்கள்.

ரிம்ஃபயர் .22 ரைஃபிள் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை ஹார்னெட்டாக மாற்றலாமா?

கூடாது. ரிம்ஃபயரில் ஊசி கூட்டின் விளிம்பில் அடிக்கும், ஹார்னெட்டில் நடுவில் அடிக்க வேண்டும். அதைவிட முக்கியம், சாதாரண ரிம்ஃபயர் ஆக்‌ஷன் அதைப்போல் பாதி அழுத்தத்துக்குச் செய்யப்பட்டது. ஹார்னெட்டின் வரம்பு 49,000. இதில் பேச்சுக்கே இடமில்லை.

எந்தத் தூரத்துக்கு எது என்று சுருக்கமாகச் சொல்லுங்கள்.

தூரத்தை மட்டும் வைத்துச் சொன்னால் தப்பாகிவிடும். உண்மையில் நம்மைத் தோற்கடிப்பது காற்று. குண்டு கீழே இறங்குவதை எப்போதும் கணக்கிட்டுவிடலாம், ஏனென்றால் அது என்றும் மாறாது. காற்று நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இலை, சிறு கிளை எல்லாம் விடாமல் அசையும் காற்று. 200 கெஜத்தில் .17 எச்எம்ஆர் என்ற ரிம்ஃபயர் தோட்டாவின் 17 கிரெயின் (குண்டு, மருந்து எடையின் அலகு) குண்டைப் பதினைந்து அங்குலம் அளவுக்கு அது தள்ளிவிடும். .22 ஹார்னெட்டின் 45 கிரெயின் மொட்டை மூக்குக் குண்டு பதின்மூன்று அங்குலம் விலகும். .223-இன் 55 கிரெயின் குண்டு, மூக்கின் வடிவத்தைப் பொறுத்து நாலரை முதல் ஆறு அங்குலம். .204 ரூகரின் 32 கிரெயின் குண்டு நான்கு அங்குலம் போல. அணில் அளவுள்ள ஒரு பிராணியின் உடல் அகலம் எவ்வளவு என்று நினைத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும்.

என் அளவுகோல் இது: 150 கெஜத்துக்குள் வேலை என்றால் ஹார்னெட் வகை. 150 முதல் 300 வரை .222, .223, .204 மூன்றில் எதுவும். அதற்கு மேல் அடிக்கடி சுட வேண்டியிருந்தால், காற்றைப் படிக்கவும் தெரிந்திருந்தால், .22-250. பெரும்பாலானவர்கள் தாங்கள் சுடும் தூரத்தைக் கூட்டித்தான் சொல்கிறார்கள். ஒருமுறை தூரம் அளக்கும் கருவியோடு வயலுக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன். 300 கெஜம் என்று சொன்னது 180-இல் முடிவது சாதாரணம்.

ஹார்னெட் 1930-இல் வந்த பழசாயிற்றே. இன்னும் அதைப் போய்த் தேர்ந்தெடுப்பார்களா?

தேர்ந்தெடுப்பார்கள், தேர்ந்தெடுத்த பிறகு வருத்தப்பட்டவர்களையும் நான் அதிகம் பார்த்ததில்லை. அது ஏறக்குறைய 12 கிரெயின் மருந்தில் 45 கிரெயின் குண்டை வினாடிக்கு 2,690 அடி வேகத்தில் அனுப்புகிறது. .223-க்கு அதைப்போல் இரண்டு மடங்கு மருந்து வேண்டும். மருந்து குறைந்தால் சத்தம் குறைகிறது, சூடு குறைகிறது, குழல் நெடுநாள் உழைக்கிறது. குடியிருப்புக்கு அருகில் சுட அனுமதி உள்ள இடங்களில் அந்தச் சத்தக் குறைவு மிகப்பெரிய வசதி. காதடைப்பான் அதற்கும் தேவைதான்.

குறை என்றால் கூடு. கழுத்துப் பித்தளை மிக மெல்லியது. தோட்டாவைத் தாமே நிரப்புகிறவர்கள் குண்டைச் செருகும்போது லேசாகச் சாய்ந்தாலும் கழுத்து மடங்கிப்போகும். கையில் எடுத்து வெளிச்சத்தில் உருட்டினால் மடிப்பு சிறு நிழலாகத் தெரியும். அப்படிப்பட்டதை ஒதுக்கிவிடுங்கள். கழுத்தின் உள்விளிம்பை லேசாகச் சரிவாகச் சீவிவிட்டுச் செருகினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

.222 மிகத் துல்லியம் என்கிறார்கள். .223-ஐ விட்டுவிட்டு அதைக் கட்டலாமா?

.222 ரெமிங்டன் 1950-இல் வந்தது. பழைய கூட்டைச் சுருக்கிச் செய்யாமல் புதிதாகவே வடிவமைக்கப்பட்ட தோட்டா. துல்லியப் போட்டிகளில் பல ஆண்டுகள் அதுவே முன்னணியில் நின்றது. நீளமான கழுத்து குண்டை நேராகப் பிடிக்கிறது, சுடுவதற்கும் சாதுவாக இருக்கும். அதன் மேல் எனக்கு இருக்கும் பிரியத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

ஆனாலும் புதிதாகக் குழல் போடுகிறவருக்கு .223-ஐத்தான் சொல்வேன். 1964 முதல் 5.56 என்ற ராணுவத் தோட்டாவின் உடன்பிறப்பாக இருப்பதால் கூடு, குண்டு, தயார்த் தோட்டா எதுவும் எளிதாகக் கிடைக்கும். நல்ல குழலும், தோட்டா உட்காரும் அதன் பின்பகுதியான சேம்பரும் நன்றாக இருந்தால் துல்லிய வித்தியாசத்தை வயலில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. .222-இன் கூடு 1.700 அங்குலம், .223-இன் கூடு 1.760. இவ்வளவுதான் இரண்டுக்கும் நடுவில். இரண்டு காரணங்களுக்காக .222-ஐத் தேர்ந்தெடுக்கலாம்: மேகசின் குட்டையாக இருப்பது, அல்லது உங்கள் நாட்டுச் சட்டத்தில் ராணுவக் காலிபர்களுக்குத் தனிக் கட்டுப்பாடு இருப்பது. சில நாடுகளில் அப்படி உண்டு. காலிபர் மாறினால் உரிமத்திலும் மாற்ற வேண்டியிருக்கும். குழலுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.

.204 ரூகர் வேகத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அதில் என்ன குறை?

பெரிய குறை எதுவும் இல்லை. 2004-இல் .222 ரெமிங்டன் மேக்னம் கூட்டின் கழுத்தை 0.204-க்குச் சுருக்கிச் செய்தார்கள். 32 கிரெயின் குண்டுக்கு வினாடிக்கு 4,225 அடி என்று அறிவித்தார்கள். 0.378 முகமே போதும். காற்றில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை மேலே தூரம் பற்றிய பதிலில் சொல்லிவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. கனமான குழல் போட்ட .204-இல் உதைப்பு இல்லாததுபோலவே இருக்கும். விசையை அழுத்திய பிறகும் ஸ்கோப்பில் படம் கலையாது. குண்டு எங்கே விழுந்தது, மண் எந்தப் பக்கம் தெறித்தது என்று நம் கண்ணாலேயே பார்த்து அடுத்ததைத் திருத்திக்கொள்ளலாம். பக்கத்தில் இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. தனியாகப் போகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

கவனிக்க வேண்டியது: 0.204 குண்டுகளில் தேர்வு 0.224-இல் இருப்பதுபோல் விரிவானது இல்லை. நரியைவிடப் பெரியதற்கும் இது ஏற்றதில்லை.

.17 வகைகள்?

.17 ரெமிங்டன் 1971-இல் வந்தது, 25 கிரெயின் குண்டு 4,040 அடியில் போகும். .17 ஃபயர்பால் 2007, .17 ஹார்னெட் 2012. மூன்றும் விரைவு, மூன்றும் தோலில் சிறு துளையே போடும். .17 ஹார்னெட் எனக்குப் பிடிக்கும், ஹார்னெட்டுக்கே உரிய சிக்கனம் அதில் அப்படியே இருக்கிறது.

பராமரிப்புக்குப் பொறுமை வேண்டும். துடைக்கும் கம்பி தனியாக மெல்லியதாக வாங்க வேண்டும், அதுவும் வளையும். துளை சிறிதென்பதால் குண்டின் செம்பு படிந்தால் சீக்கிரமே குறி விலகும். மருந்து நிரப்பும்போது புனலின் வாயில் அடைத்துக்கொள்ளும். இரண்டு விரலால் பிடிக்கவே சிரமமான குண்டுகள் அவை. கை நடுக்கம் உள்ளவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

.22-250 போட்டால் குழல் சீக்கிரம் போய்விடுமா?

நீங்கள் எப்படிச் சுடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1915-இல் வந்த .250-3000 சாவேஜ் கூட்டைச் சுருக்கி 1930-களில் ஆர்வலர்கள் செய்த தோட்டா இது. ரெமிங்டன் 1965-இல்தான் அதைத் தன் பெயரில் ஏற்றது. .223-இல் 25 கிரெயின் போல மருந்து எரிகிறது, இதில் 35-க்கு மேல். துளை இரண்டுக்கும் ஒன்றே. அந்த அதிகப்படியான நெருப்பு அதே சின்ன வாயில் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும்.

தேய்வது குழல் முழுவதும் அல்ல, தொண்டை. சேம்பர் முடிந்து வரிகள் தொடங்கும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர். அங்கே மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தால், தண்ணீர் வற்றிய ஏரியின் சேறு பாளம் பாளமாக வெடித்ததுபோல் இரும்பில் வெடிப்புகள் தெரியும். சூடான குழலில் சுடச்சுட அந்தப் பாளங்கள் பெயர்ந்துபோகின்றன. நரிக்காகக் காத்திருந்து ஒரு நாளில் இரண்டு மூன்று சுடுகிறவருக்கு .22-250 குழல் பல ஆண்டுகள் நிற்கும். ஒரு மதியத்தில் இருநூறு சுடுகிறவருக்கு நிற்காது. அவருக்கு .223-ஏ சரி.

கையால் குழலைத் தொட்டுப் பாருங்கள். ஐந்து எண்ணும்வரை விரலை வைத்திருக்க முடியவில்லையென்றால் நிறுத்தி ஆறவிடுங்கள். .220 ஸ்விஃப்ட்டுக்கும் இதே பதில்தான். 1935-இல் 4,000 அடியைத் தாண்டிய முதல் நிறுவனத் தோட்டா அது. இன்று அதைக் கட்ட நீண்ட ஆக்‌ஷன் தேடுவதைவிட .22-250 எளிது.

முறுக்கு, முறுக்கு என்கிறார்களே. 14-இல் ஒன்று, 8-இல் ஒன்று என்றால் என்ன?

குழலின் உள்ளே வரிகள் சுற்றிச் சுற்றி ஓடும். குண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எத்தனை அங்குலம் போக வேண்டும் என்பதே முறுக்கு. 14-இல் ஒன்று என்றால் மெதுவான முறுக்கு, 8-இல் ஒன்று வேகமானது. பம்பரம் போலத்தான்: போதிய சுழற்சி இல்லையென்றால் தள்ளாடும். எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது முதலில் குண்டின் நீளம். எடையை வைத்துப் பேசுவது பழக்கத்தால் வந்தது, எடை கூடினால் நீளமும் கூடும் என்பதால்.

கிரீன்ஹில் என்ற கணித ஆசிரியர் 1879-இல் கொடுத்த கணக்கு இன்றும் ஒத்துவருகிறது. குண்டு விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். வேகம் 2,800 அடிக்கு மேல் என்றால் 150-க்குப் பதில் 180. .223-இல் 55 கிரெயின் குண்டு 0.74 அங்குல நீளம் என்று வையுங்கள்: 0.0502-ஐ 180-ஆல் பெருக்கினால் 9.03, அதை 0.74-ஆல் வகுத்தால் 12.2. நெடுங்காலம் .223 ரைஃபிள்களில் 12-இல் ஒன்று முறுக்கே வந்தது இதனால்தான். ஒரு அங்குல நீளமுள்ள கனமான குண்டுக்கு, வேகமும் குறைவதால் 150-ஐப் போட்டால், 7.5 வருகிறது. அதனால்தான் கனமான குண்டுக்காரர்கள் 8 அல்லது 7 கேட்கிறார்கள்.

செம்பு மட்டுமே கொண்ட குண்டுகளுக்கு ஒரு எச்சரிக்கை. செம்பு ஈயத்தைவிட இலேசு. ஒரே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். ஈயம் தடைசெய்யப்பட்ட இடத்தில் சுடுகிறீர்கள் என்றால் மெதுவான முறுக்கை இன்று போட்டுவிட்டு நாளை தவிக்காதீர்கள். .223-க்கு என் தேர்வு 9 அல்லது 8. இலேசான குண்டுகளும் அதில் நன்றாகவே போகும். மிக மெல்லிய உறையுள்ள குண்டுகளை மட்டும் உச்ச வேகத்தில், மிக வேகமான முறுக்கில் சுட்டால், அதிகச் சுழற்சியில் வழியிலேயே சிதறக்கூடும்.

பழைய குழலில் முறுக்கு எவ்வளவு என்று எழுதவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

துடைக்கும் கம்பியின் நுனியில் இறுக்கமான துணியைச் சுற்றுங்கள். கைப்பிடி தனியாகச் சுழலும் கம்பியாக இருக்க வேண்டும். குழலுக்குள் சிறிது தள்ளி, கம்பியின் மேல்புறத்தில் பேனாவால் ஒரு கோடும், குழலின் வாய்க்கு நேராக ஒரு காகிதப் பட்டையும் ஒட்டுங்கள். மெதுவாகத் தள்ளினால் கோடு சுற்றி மறைந்து மறுபடி மேலே வரும். அதுவரை கம்பி உள்ளே போன நீளம்தான் முறுக்கு. மூன்று முறை அளந்து சராசரி பாருங்கள்.

அளக்காமல் விட்டதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். 14-இல் ஒன்று முறுக்குள்ள .222 ஒன்றில் 69 கிரெயின் குண்டை நண்பர் சுட்டார். 100 கெஜத்தில் காகிதத்தை எடுத்துப் பார்த்தபோது வட்டத் துளையே இல்லை. ஒவ்வொன்றும் வேப்பங்கொட்டை போல நீண்டு, குண்டு படுத்தபடியே புகுந்த அடையாளம். இரண்டு குண்டுகள் அட்டையிலேயே படவில்லை. ரைஃபிளில் எந்தக் கோளாறும் இல்லை. அடுத்த வாரம் 50 கிரெயினில் அதே ரைஃபிள் ஐந்து குண்டையும் ஒரு நாணயத்துக்குள் போட்டது.

.223 குழலில் 5.56 நேட்டோ தோட்டா சுடலாமா?

வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே, சேம்பரின் தொண்டை வேறு. 5.56-க்கு நீளமான தொண்டை உண்டு. இறுக்கமான .223 சேம்பரில் 5.56-ஐப் போட்டால் அழுத்தம் அளவை மீறலாம். 5.56 சேம்பரில் .223 சுடுவதில் சிக்கல் இல்லை. இரண்டையும் சுட விரும்பினால் .223 வைல்ட் என்ற சேம்பரைக் கேளுங்கள், அது இரண்டுக்கும் இடைப்பட்டதாக அமைந்தது. வார்மின்ட் வேலைக்கு மட்டும் என்றால் சுத்தமான .223 சேம்பரே போதும்.

இதைவிட ஆபத்தான கலப்பு ஒன்று இருக்கிறது. .300 பிளாக்அவுட் தோட்டா .223 கூட்டிலிருந்து வந்தது, அடிப்பாகம் ஒன்றே. சில குண்டுகளுடன் அது .223 சேம்பரில் நுழைந்து பூட்டிக்கொள்ளும். சுட்டால் 0.308 குண்டு 0.224 துளையில் போக வழியில்லாமல் ரைஃபிள் வெடிக்கும். வீட்டில் இரண்டும் இருந்தால் ஒரே மேசையில் இரண்டையும் எடுத்து வைக்கவே கூடாது.

கடையில் கிடைக்காத வைல்ட்கேட் தோட்டா ஒன்றைக் கட்ட ஆசை. செய்யலாமா?

தோட்டாவை நீங்களே நிரப்புவீர்கள் என்றால் செய்யலாம். இரண்டு வகையை மட்டும் சொல்கிறேன். ஒன்று, கடைத் தோட்டாவையும் சுட அனுமதிக்கும் வகை: கே-ஹார்னெட், .223 ஏக்லி இம்ப்ரூவ்ட். சாதாரணத் தோட்டாவைச் சுட்டால் கூடு புதிய சேம்பரின் வடிவத்துக்கு விரிந்துகொள்ளும். மற்றொன்று .20 பிராக்டிகல்: .223 கூட்டின் கழுத்தை 0.204-க்குச் சுருக்குவது, அவ்வளவே. .204-க்குக் கூடு கிடைக்காத ஊரிலும் .223 கூடு கிடைக்கும் என்பதால் இது புத்திசாலித்தனமான தேர்வு.

எதைச் செய்தாலும் தோட்டாவின் பெயரைக் குழலில் ஆழமாகப் பொறிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த ரைஃபிள் யார் கைக்காவது போகும்.

குழலை நானே மாற்றிக்கொள்ளலாமா? துப்பாக்கி வேலை செய்யும் கன்ஸ்மித்திடம் போனால் என்ன கேட்க வேண்டும்?

போல்ட்டின் முகத்துக்கும் கூட்டின் தோள் (கழுத்துக்குக் கீழே குறுகும் சரிவு) போய் முட்டும் இடத்துக்கும் இடையிலான தூரம் நூலிழை பிசகாமல் இருக்க வேண்டும். கூடினால் கூடு நீண்டு கிழியும், குறைந்தால் போல்ட் மூடாது. ஹார்னெட் போன்ற விளிம்பு நீட்டிய வகைகளில் மட்டும் இந்த அளவு தோளில் இல்லை, விளிம்பில். இதைச் சோதிக்க இரண்டு அளவுக்கட்டைகள் உண்டு: "கோ" கட்டையில் போல்ட் மூட வேண்டும், "நோ-கோ" கட்டையில் மூடக்கூடாது. லேத்தும், சேம்பரைக் கடையும் ரீமரும் பழகியவரிடம் விடுவதே என் யோசனை.

அவரிடம் கேளுங்கள்: இரண்டு கட்டைகளையும் என் கண்முன் போட்டுக் காட்டுவீர்களா? ரீமரின் அளவுத்தாள் தருவீர்களா? தொண்டை எந்தக் குண்டுக்காக வெட்டப்பட்டது? நல்ல வேலைக்காரர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். நீங்கள் சுடப்போகும் குண்டைச் செருகிய வெற்றுத் தோட்டா ஒன்றை, மருந்தும் பிரைமரும் இல்லாமல், அவரிடம் கொடுத்துவிடுங்கள். தொண்டையை அதற்கேற்ப வெட்டித் தருவார்.

எவ்வளவு நீளக் குழல், எவ்வளவு கனம்?

.223-க்கும் .204-க்கும் 24 அங்குலம், .22-250-க்கு 26, ஹார்னெட்டுக்கு 20-உம் போதும். ஓர் அங்குலம் குறைந்தால் .223-இல் வினாடிக்கு இருபது முப்பது அடி குறையும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். உட்கார்ந்து சுடுவதென்றால் கனமான குழல். நடந்து திரிந்து சுடுவதென்றால் நடுத்தரம்.

வேகமான குண்டு சிதறிவிடும் என்பதால் பின்னால் மண்மேடு இல்லாவிட்டாலும் பரவாயில்லைதானே?

பரவாயில்லை என்று சொல்லவே முடியாது. மெல்லிய உறைக் குண்டுகள் மண்ணிலும் உடலிலும் பெரும்பாலும் சிதறும், தெறிப்பு குறையும். ஆனால் இலக்கில் படாத குண்டு சிதறாது. வானத்தை நோக்கி, மேட்டின் விளிம்பில் நிற்கும் விலங்கைச் சுட்டால் அது கிலோமீட்டர் கணக்கில் போய் விழும். குண்டு போய்ச் சேரும் மண் கண்ணுக்குத் தெரியாத வரையில் விரல் விசைக்குப் போகக் கூடாது.

கழற்றிய பழைய குழலைத் தூக்கி எறிந்துவிடலாமா?

முதலில் கேமரா விட்டுப் பாருங்கள். தொண்டை மட்டும் போய், மீதி வரிகள் கூர்மையாக இருந்தால் அதற்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. பின்பக்கம் ஓர் அங்குலத்தை வெட்டி, மரையைத் திரும்பப் போட்டு, சேம்பரைப் புதிதாகக் கடைந்தால் தொண்டையும் புதிதாகிவிடும். ரைஃபிளின் மரப்பகுதியான ஸ்டாக்கின் பள்ளத்தில் குழலின் பருத்த பகுதி பின்னுக்குப் போவதால் கொஞ்சம் மரத்தைச் சீவ வேண்டிவரும். வரிகள் மழுங்கியிருந்தாலும் துருக்குழி இருந்தாலும் விட்டுவிடுங்கள். குழலுக்கும் உரிமம் கேட்கும் நாடுகள் உண்டு என்பதால், அழிப்பதாக இருந்தாலும் விற்பதாக இருந்தாலும் உரிய இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டே செய்யுங்கள்.